மஞ்சள் கறை சோப்பு பட்டுச் சிவந்தால் பயப்படாதீர்கள்

வெள்ளை வேட்டியில் சாம்பார் பட்ட இடம் சோப்புப் போட்டதும் ரத்தம் மாதிரி சிவக்கிறதா? மேலும் தேய்க்காமல், சிவப்பு மாறி மறுபடி மஞ்சளாகும் வரை நன்றாக அலசுங்கள். அப்புறம் ஈரத்தோடு நல்ல வெயிலில் கறைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்துப் போடுங்கள். கறை பெரும்பாலும் வெளுத்துவிடும். ப்ளீச்சிங் பவுடர் செலவு மிச்சம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பு, சுண்ணாம்பு மாதிரியான காரம் (alkali; மிளகாய்க் காரம் அல்ல) பட்டால் சிவக்கும், அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதே சங்கதிதான். ஆக, துணியில் சிவப்பு தெரிகிற வரை சோப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். போர் தண்ணீரிலேயே காரத்தன்மை இருந்து, எவ்வளவு அலசினாலும் லேசான சிவப்பு நின்றுகொண்டே இருந்தால், கடைசி அலசலில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடலாம். வெயிலில் குர்குமின் சிதைந்துவிடும் என்பதால்தான் கறை போகிறது.

சாயத்துணிக்கும் பட்டுக்கும் இது வேண்டாம், நிறமே வெளிறிவிடும். எண்ணெய் மிதக்கும் குழம்புக் கறை என்றால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும். மழை நாளில் பலிக்காது.