மாட்டுக் கருவில் சாக்ஸ்2, சிடிஎக்ஸ்2 பார்க்கும் முறை

சாக்ஸ்2, சிடிஎக்ஸ்2 இரண்டும் இளம் கருவின் செல் வகையைக் காட்டும் புரதங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க் பக்கம் ஆய்வு செய்பவர்களுக்கு மாட்டுக் கரு எளிதில் கிடைக்கும். இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போகும் சூலகமே போதும். இதற்கென்று தனியாக ஒரு விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் எலியில் படித்ததை அப்படியே மாட்டுக்குப் பொருத்தினால் கணக்குத் தப்பும்.

சூலகங்களை 0.9% உப்புக் கரைசலில், 30–35 டிகிரி செல்சியஸில், ஃபிளாஸ்கில் கொண்டுவாருங்கள். ஜூலைக் காலைக் குளிரில் திறந்த வாளி ஆகாது. சூலகத்தில் முட்டை இருக்கும் 2–8 மி.மீ. நுண்பைகளை 18 கேஜ் ஊசியால் உறிஞ்சி, சுற்றிலும் செல் அடுக்கு அடர்ந்த முட்டைகளை மட்டும் பொறுக்குங்கள். 38.5 டிகிரியில், 5% கார்பன் டை ஆக்சைடில் 22–24 மணி நேரம் முதிரவிட்டு, விந்துடன் 18–20 மணி நேரம் வைத்து, பிறகு எஸ்ஓஎஃப் என்ற கரு வளர்ப்புத் திரவத்தில் 5% ஆக்சிஜனில் வளருங்கள்.

எலிக் கரு 2 செல்லிலேயே தன் மரபணுக்களைப் பெருமளவில் இயக்கத் தொடங்கும். மாட்டில் அது 8–16 செல்லில்தான். அதுவரை முட்டையில் தாய் சேமித்த ஆர்என்ஏதான் கருவை ஓட்டுகிறது. ஆகவே முதல் பிளவே நடக்காவிட்டால் விந்தையோ முதிர்வையோ சந்தேகியுங்கள். பல கருக்கள் 8 செல்லிலேயே வளர்ச்சி நின்றுபோனால் திரவம், வெப்பம், ஆக்சிஜன் மூன்றையும் பாருங்கள். மின்வெட்டு வந்திருந்தால் அந்த நேரத்தில் இன்குபேட்டர் யுபிஎஸ்ஸில் ஓடியதா என்பதையும் விசாரியுங்கள். ஒப்பீட்டுக்கு, கருவின் சொந்த மரபணு இயக்கத்தைத் தடுக்கும் ஆல்ஃபா-அமானிட்டின் சேர்த்த குழு ஒன்று வேண்டும். அதுவும் அங்கேயே நிற்கும். ஆல்ஃபா-அமானிட்டின் கொடிய நஞ்சு, கையுறை கட்டாயம்.

7–8ஆம் நாள் பிளாஸ்டோசிஸ்ட்டுகளை (உள்ளே குழிவு உருவான கருக்களை), செல்களை நிலைப்படுத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம், சவ்வில் துளையிட 0.5% டிரைட்டானில் 30 நிமிடம், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்க 10% கழுதைச் சீரத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தேடும் புரதத்தில் ஒட்டும் முதல் ஆன்டிபாடி 4 டிகிரியில் இரவு முழுதும், அதைப் பற்றி ஒளிரும் இரண்டாவது இருட்டில் ஒரு மணி நேரம், கடைசியாக டிஎன்ஏவுக்கு நிறமேற்றும் ஹெக்ஸ்ட். கழுவும் பிபிஎஸ் உப்புக் கரைசலில், ஒட்டாமல் தடுக்கும் 0.1% பிவிபி இல்லாவிட்டால் கரு பிப்பெட்டில் ஒட்டித் தொலைந்துபோகும். பலரும் தொலைப்பது இங்கேதான்.

உட்செல் திரளை (பின்னால் கன்றாகும் உள் செல்களை) எண்ண ஆக்ட்4 என்ற புரதத்தை நம்பாதீர்கள். எலிப் பிளாஸ்டோசிஸ்ட்டில் அது உள்ளே ஒதுங்கிவிடும். மாட்டில் இந்த நாளில் வெளிச்செல்களிலும் எரியும். உள்ளே சாக்ஸ்2, வெளியே சிடிஎக்ஸ்2 என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே செல்லின் உட்கருவில் இரண்டும் தெரிந்தால், முதலில் அடுக்கடுக்காகப் படமெடுத்து இரண்டு செல்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து அப்படித் தெரிந்ததா என்று பாருங்கள். அடுத்து, முதல் ஆன்டிபாடி போடாத கருவை அதே ஒளி அமைப்பில் படமெடுங்கள். இளம் பிளாஸ்டோசிஸ்ட்டையும் விரிந்ததையும் ஒரே கணக்கில் கலக்கவே கூடாது.