விறகு ஸ்டவ் வைக்கப் போறீங்களா, முதல்ல தரையப் பாருங்க

ஊர்ல எங்க அம்மாச்சி வீட்டு அடுப்பங்கரை சாணி மொழுகின மண் தரை, கொள்ளிக்கட்டை நழுவி விழுந்தா கால்ல படாம ஒதுங்கி நின்னா போதும், தரைக்கு ஒண்ணும் ஆகாது. இங்க கனடால அப்படி இல்ல. நாங்க ஒன்டாரியோல டவுனுக்கு வெளிய ஒரு பழைய வீடு வாங்கினோம், குளிர்காலத்துல கரண்ட் போனாலும் பிள்ளைங்க நடுங்காம இருக்கணும்னு விறகு ஸ்டவ் இருக்கிற வீடாத்தான் தேடினோம். இந்த வீடுகள்ல தரைன்னா மேல ஹார்ட்வுட், அதுக்குக் கீழ பிளைவுட், அதையும் தாங்குறது மரச்சட்டம். அதாவது விறகு மேலதான் விறகு அடுப்பு நிக்குது.

முன்னாடி இருந்தவங்க ஸ்டவ்வுக்குக் கீழ அழகா டைல்ஸ் போட்டிருந்தாங்க, அதப் பாத்துட்டு நானும் தரைக்குப் பாதுகாப்பு இருக்குன்னு நம்பி ரெண்டு குளிர்காலம் எரிச்சேன். அப்புறம் ஸ்டவ் மாத்துறப்போ டைல்ஸப் பேத்தா, அடியில பிளைவுட் ஓரத்துல டிகாஷன் கலர்ல இருக்கு, நடுவுல கரி, நகத்தால சுரண்டினா பொடிப்பொடியா வருது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மரம் சூடு பட்ட உடனே பத்திக்காது, ஆனா வருஷக்கணக்கா தினமும் சூடு ஏறி ஏறி உள்ள காஞ்சு கருகிடும், அப்படிக் கருகின மரம் புது மரத்த விட ரொம்பக் கம்மியான சூட்டுலயே பத்திக்கும். டைல்ஸ் தீப்பொறியத்தான் தடுக்கும், சூட்டத் தடுக்காது, அப்படியே கீழ கடத்திடும். அடுப்புல இருந்து இறக்கின பாத்திரத்த டைல்ஸ் தரைல கொஞ்ச நேரம் வச்சு எடுத்துட்டு அந்த இடத்துல கை வச்சுப் பாருங்க, புரிஞ்சிடும்.

அதனால முதல் வேலை ஸ்டவ்வோட மேனுவலையும் பின்னாடி ஒட்டியிருக்கிற லேபிளையும் படிக்கிறது. சில ஸ்டவ்வுக்கு அடிப்பக்கம் சூடு அதிகம் இறங்காது, அதுக்கு எம்பர் புரொடக்ஷன், அதாவது கங்கு, தீப்பொறி தரைல படாம தடுக்குறது மட்டும் போதும்னு போட்டிருக்கும், அப்போ எரியாத எந்தப் பரப்பும் ஓகே, டைல்ஸ், கல்லு, தகடு எதுவா இருந்தாலும் சரி. இன்னும் சிலதுக்கு இவ்வளவு ஆர் வேல்யூ வேணும்னு ஒரு நம்பர் இருக்கும், அதுதான் சூட்டத் தடுக்குற கணக்கு. ஒவ்வொரு அடுக்கோட ஆர் வேல்யூவையும் கூட்டிக்கலாம், ஒரு போர்டு 0.4 னா மூணு அடுக்கு 1.2. சில மேனுவல்ல ஆருக்குப் பதிலா கே வேல்யூவும் (சூட்ட எவ்வளவு கடத்தும்ங்கிற கணக்கு) தடிமனும் குடுத்திருப்பாங்க, அப்போ இன்ச்ல இருக்கிற தடிமன கே-யால வகுத்தா ஆர் வந்துடும், அரை இன்ச், கே 0.84 னா ஆர் கிட்டத்தட்ட 0.6. இதுல ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, கே கம்மியா இருந்தாத்தான் நல்லது, ஆர் அதிகமா இருந்தாத்தான் நல்லது, கடைல அவசரத்துல மாத்தி வாங்கிடாதீங்க.

அடுத்தது ஸ்டவ்வுக்கு அடியில போடுற எரியாத மேடை, அதாவது பேட், அது ஸ்டவ்வ விட்டு எவ்வளவு வெளிய நீளணும்ங்கிற அளவு. கனடால விறகு போடுற கதவுக்கு முன்னாடி 18 இன்ச், மத்த எல்லாப் பக்கமும் 8 இன்ச், இது குறைஞ்சபட்சம், மேனுவல்ல இதுக்கு மேல கேட்டிருந்தா அதத்தான் எடுத்துக்கணும். 28 இன்ச் அகலம் 26 இன்ச் ஆழம் உள்ள ஸ்டவ்னா பேட் 44-க்கு 52 வரும். பக்கவாட்டுலயும் கதவு இருந்தா அந்தப் பக்கமும் 18. நான் முதல்ல நியூஸ்பேப்பர அந்த அளவுக்கு ஒட்டி தரைல விரிச்சு, கதவத் தொறந்து விறகு போடுற மாதிரி நின்னு பாத்தேன். ஸ்ப்ரூஸ், சீடர் மாதிரி பிசின் உள்ள விறகு பட்டுபட்டுனு வெடிக்கும், கதவத் தொறக்குற நேரத்துல கங்கு தெறிச்சு எவ்வளவு தூரம் வரும்னு ஒரு தடவ பாத்தவங்க 18 இன்ச்ச அதிகம்னு சொல்ல மாட்டாங்க.

பேட் கட்டுறதுக்கு முன்னாடி கார்ப்பெட், லேமினேட், வினைல் எது இருந்தாலும் அந்த இடத்துல வெட்டி எடுத்துடுங்க, கார்ப்பெட் மேல வச்ச பேட் ஆடும், ஆடினா விரிசல் விழும். கருகின பிளைவுட்டையும் விட்டு வைக்காதீங்க, நான் நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு புதுசு போட்டேன். அப்புறம் சிமென்ட் போர்டு, மேனுவல் கேக்குற ஆர் வேல்யூ வர்ற வரைக்கும் அடுக்கு அடுக்கா, கீழ் அடுக்கோட ஜாயின்ட் மேலயே மேல் அடுக்கு ஜாயின்ட் வராத மாதிரி மாத்தி மாத்திப் போட்டு ஸ்க்ரூ பண்ணணும். ஜிப்சம் போர்டு வேண்டவே வேண்டாம், அதோட மேல் தாள் எரியும். அதுக்கு மேல டைல்ஸ், இடைவெளி முழுக்க கிரவுட் அடைச்சிடணும், ஒரு பொறி இறங்குற சந்து கூட இருக்கக் கூடாது. செங்கல்ல வெறுமனே அடுக்குறவங்க அடியில ஒரே துண்டா இரும்புத் தகடு போட்டுக்கோங்க. கிரவுட் நல்லா காயட்டும், அதுக்கப்புறமும் முதல் ரெண்டு மூணு தடவ சின்னத் தீயா மூட்டுங்க.

ஸ்டவ்வும் கல்லும் சேர்ந்தா 200, 300 கிலோ சாதாரணமா வந்துடும், பேஸ்மென்ட்ல இறங்கி கீழ இருக்கிற சட்டம் தாங்குமான்னு தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வந்து பாருங்க. முனிசிபாலிட்டி பெர்மிட், வெட் (WETT) இன்ஸ்பெக்ஷன், அதாவது விறகு ஸ்டவ் சரியா வச்சிருக்கான்னு அதுக்குப் பயிற்சி எடுத்தவங்க வந்து பாக்குறது, ரெண்டையும் தள்ளிப் போடாதீங்க, இன்சூரன்ஸ்காரங்க எப்படியும் கேப்பாங்க.

பேட்டுக்கு வெளிய பாய் விரிக்கிறதுன்னா கம்பளி இல்லன்னா ஃபைபர்கிளாஸ், சிந்தெடிக் பொறி பட்டதும் உருகி ஓட்டை விழும். கடைசியா சாம்பல். அள்ளின சாம்பல ஒரு நிமிஷம் கூட மரத் தரைல வைக்காதீங்க, வாக்குவம்ல இழுக்காதீங்க, மூடி போட்ட இரும்பு வாளில போட்டு வெளிய மர டெக்குல இல்லாம வீட்ட விட்டுத் தள்ளி கல்லு மேல வைங்க. நான் ஒரு தடவ ஆறிடுச்சுன்னு நினைச்சு மூணாவது நாள் காலைல வாளியத் தொறந்து குச்சியால கிளறினேன், அடியில சுண்டைக்காய் அளவு ஒரு கங்கு, காத்து பட்டதும் செவசெவன்னு முழிச்சுது.