வீடு, குடும்பம், வளர்ப்பு நாய்: முதன்முறையாக உயில் எழுதுவோருக்கான செய்முறை விளக்கம்

சொந்த வீடு வைத்திருக்கும் பலர், "எனக்குப் பிறகு எல்லாம் மனைவிக்குத்தானே போகப்போகிறது" என்ற நம்பிக்கையில் உயில் எழுதாமலேயே இருந்துவிடுகிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமபங்காகச் சேரும். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என நால்வர் இருந்தால், மனைவிக்கு வீட்டில் கிடைப்பது கால் பங்குதான். பிள்ளைகளில் ஒருவர் மைனராக இருந்தால், அவருடைய பங்கை விற்பதற்குப் பெற்ற தாயே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை இந்த அலைச்சலுக்கு ஆளாக்காமல் இருக்க, ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும்.

இந்த விளக்கம் இந்தியாவில் வாழும் இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இருவருக்கும் உயிலின் வடிவத்தை வகுப்பது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கு விதி வேறு: இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

படி 1: சொத்துப் பட்டியல்

வீட்டின் மூலப்பத்திரம், பட்டா, அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பத்திர எண், ஆண்டு, பதிவான சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லைகள் ஆகிய அனைத்தும் பத்திரத்தில் உள்ளபடியே இடம்பெற வேண்டும். "மேலத்தெரு வீடு" என்று மட்டும் எழுதினால், பட்டா மாற்றும்போது அது எந்த வீடு என்ற கேள்வி எழும். சுய சம்பாத்தியச் சொத்தை உங்கள் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம்; பூர்வீகச் சொத்தாக இருந்தால், உங்களுக்குரிய பங்கை மட்டுமே எழுத முடியும்.

வங்கிக் கணக்குக்கும் பங்கு முதலீட்டுக்கும் நாமினி போட்டிருக்கிறோமே என்று அவற்றை விட்டுவிடாதீர்கள். நாமினி நியமனம் வாரிசுரிமையை மாற்றாது என்று, பங்குகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அது யாருக்கு உரியது என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும்.

படி 2: யாருக்கு எது, எந்த அளவு

மனைவிக்கு வீட்டை எழுதும்போது, முழு உரிமையா, ஆயுட்கால அனுபவ உரிமையா என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதுங்கள். "என் மனைவி தன் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் குடியிருந்தும், வாடகைக்கு விட்டும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு உரிமையில்லை, அவர் காலத்துக்குப் பின் என் மகனும் மகளும் சமபாகமாக அடைய வேண்டியது" என்பது போல எழுதினால் பொருள் மயங்காது. என்னைக் கேட்டால், மனைவிக்கு முழு உரிமையாகவே எழுதுவது நல்லது என்பேன். முதுமையில் மருத்துவச் செலவுக்குக்கூட வீட்டை விற்க முடியாத நிலையில் அவரை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வளர்ப்பு நாய், பூனை பற்றியும் இங்கேயே எழுதுங்கள். சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி ஒரு சொத்து; ஆகவே அதன் பெயருக்கு வீட்டையோ பணத்தையோ எழுதிவைக்க முடியாது. அதை அன்போடு வளர்க்கக்கூடிய ஒருவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டு, பிராணியை அவருக்கு எழுதி, உணவுக்கும் தடுப்பூசிக்கும் சிகிச்சைக்குமான தொகையையும் அவர் பெயருக்கே எழுதுங்கள். அவரால் இயலாமல் போனால் யார் என்று இரண்டாவது பெயரையும் சேருங்கள். எசமானர் இறந்ததும் நாயைத் தெருவில் விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. பசியாலோ தாகத்தாலோ அது துன்புறும் நிலையில் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

படி 3: கையொப்பமும் சாட்சிகளும்

உயிலைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. தமிழில், கையாலேயே எழுதலாம். ஆனால் குறைந்தது இரண்டு சாட்சிகள் இல்லாமல் அது செல்லாது. இருவரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அழைத்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், கடைசிப் பக்கத்தில் தேதியோடும் கையொப்பமிடுங்கள். அதன்பின் அவர்கள் உங்கள் கண்ணெதிரே கையொப்பமிட்டு, பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவற்றை எழுத வேண்டும். நீங்கள் போட்டு வைத்த தாளை மறுநாள் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து கையெழுத்து வாங்கி வருவது பிற்பாடு உயிலையே கவிழ்த்துவிடும்.

சாட்சிகள் உள்ளடக்கத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்கள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருப்பது நல்லது. ஏனெனில் வழக்கு வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவரையாவது விசாரித்தே உயிலை நிரூபிக்க வேண்டும். உயிலால் பயன்பெறுபவரையும் அவருடைய கணவரையோ மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள்: கிறிஸ்தவர்களின் உயிலில் அவருக்கு எழுதியது செல்லாமலே போகும், இந்துக்களின் உயிலில் அது சந்தேகத்துக்கு வழிவகுக்கும். வயது முதிர்ந்தவர் எழுதுவதானால், அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று அதே நாளில் ஒரு மருத்துவரிடம் சான்று வாங்கி வைப்பது பெரும் பாதுகாப்பு.

படி 4: பதிவும் பாதுகாப்பும்

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அசல் தொலைந்தாலும் அங்கே நகல் இருக்கும். உயிலை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, அசல் எங்கே இருக்கிறது என்பதை அவரிடம் கூறி வையுங்கள்.

மனம் மாறினால் பழைய உயிலில் அடித்துத் திருத்தாதீர்கள்; முந்தைய உயிலின் தேதியைக் குறிப்பிட்டு, அதை ரத்து செய்வதாகச் சொல்லிப் புதிதாகவே எழுதி, மறுபடியும் இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிடுங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் கிறிஸ்தவர்களுக்குத் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதால், அவர்கள் திருமணத்துக்குப் பின் கட்டாயம் புதிய உயில் எழுத வேண்டும்.