ரிஸ்க்-ஃபைவ்ல கம்பைல் ஆகலையா? மொத எர்ரரப் புடிங்க

இன்டெல் லேப்டாப்ல ஜம்முனு ஓடிட்டிருந்த ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிய ரிஸ்க்-ஃபைவ்ங்கற வேற வகை ப்ராசஸருக்குக் கொண்டுபோலாம்னு மேக் (கோட கம்பைல் பண்ற கமாண்டு) போட்டேனுங்க, ஸ்க்ரீன் முச்சூடும் எர்ரரு, எங்க ஆரம்பிச்சுதுன்னே தெரியல. சோமனூர் பக்கம் தறி ஓட்டுறவங்களக் கேட்டுப் பாருங்க, பாவுல ஒரு இழை அறுந்து பக்கத்து இழைங்களோட சிக்கிக்கும், பாக்கறதுக்குப் பத்து இழை போன மாதிரி இருக்கும், அறுந்தது என்னமோ ஒண்ணுதான். இதும் அதே கததான். மேக்ல மைனஸ் ஜே1 போட்டு ஒத்தையா ஓட்டுங்க, இல்லீன்னா நாலஞ்சு ஃபைலோட எர்ரரு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து வரும். மொத எர்ரர மட்டும் சரி பண்ணிட்டு மறுக்கா ஓட்டோணும்.

ரிஸ்க்-ஃபைவ் போர்டு வாங்கோணும்னு அவசியமில்லீங்க, டெபியன் உபுண்டு லினக்ஸ்ல கிராஸ் கம்பைலர் (ஒரு ப்ராசஸர்ல இருந்துட்டே இன்னொண்ணுக்குக் கம்பைல் பண்றது) பேக்கேஜாவே இருக்குது, ஓட்டிப் பாக்க ரிஸ்க்-ஃபைவ் மாதிரி நடிக்கற க்யூஎம்யு சாஃப்ட்வேர் போதும்.

மேக்குக்கு முன்னால ஓட்டற கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட்லயே "மெஷின் நாட் ரெகக்னைஸ்ட்"னு நின்னா கோடு மேல தப்பில்ல, உள்ள மெஷின் என்னன்னு கண்டுபுடிக்கற கான்ஃபிக் டாட் கெஸ், கான்ஃபிக் டாட் சப் ஃபைல் ரெண்டும் அரதப் பழசு. ஆட்டோரீகான்ஃப் மைனஸ் எஃப்ஐ போடுங்க, அதுக்கும் மாறலைன்னா குனு கான்ஃபிக் ரெப்போவுல இருந்து ரெண்டயும் எடுத்து மேல போட்டுருங்க.

அடுத்தது எம்மின்ட்ரின் டாட் எச் காணோம்னு அழுவும். பேக்கேஜ் தேடி அலையாதீங்க (நான் ஒரு மத்தியானமே அலைஞ்சேன்), அது எக்ஸ்86 (இன்டெல் வகை ப்ராசஸர்) ஓட எஸ்எஸ்இ2 இன்ஸ்ட்ரக்ஷனுக்கான ஹெடர், ரிஸ்க்-ஃபைவ்ல கெடையாது. அந்த எடத்த இஃப்என்டெஃப்ல (ஒரு மேக்ரோ இல்லைன்னா மட்டும் கம்பைல் பண்ணுன்னு சொல்றது) அடைச்சு, எல்ஸ்ல சாதா சி கோடு எழுதுங்க. மெதுவா ஓடுனா ஓடட்டும், வேகத்தப் பொறவு பாத்துக்கலாம். எந்த மேக்ரோ வெச்சு அடைக்கறதுன்னா, கிராஸ் ஜிசிசிக்கு மைனஸ் சின்ன டி பெரிய எம், மைனஸ் பெரிய ஈ, மைனஸ் எக்ஸ் சி குடுத்து ஃபைலுக்கு டெவ் நல் காட்டுங்க, அதுக்குத் தெரிஞ்ச மேக்ரோ அத்தனையும் கொட்டிரும். நமக்கு வேண்டியது ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்ட ரிஸ்க்வி.

"அன்ரெகக்னைஸ்ட் ஆப்கோட்" வந்தா இன்லைன் அசெம்ப்ளி, அதாவது சி கோடுக்குள்ளயே எழுதுன ப்ராசஸர் இன்ஸ்ட்ரக்ஷன். ஸ்பின்லாக்ல (லாக் கெடைக்கற வரைக்கும் சுத்திட்டே இருக்கறது) பாஸ்னு, அதாவது கொஞ்சம் நில்லுன்னு, ஒரு வரி இருக்கும், ரிஸ்க்-ஃபைவ்லயும் அதே பேர்ல ஒண்ணு இருக்குதுங்க, ஆனா கம்பைலருக்குக் குடுக்கற மைனஸ் மார்ச் ஃப்ளாக்ல ஜிஹின்ட்பாஸ் எக்ஸ்டென்ஷன் சொல்லாம அசெம்ப்ளர் வாங்கிக்காது. அது ப்ராசஸருக்கு ஒரு ஜாடை மட்டுந்தான், அதனால இப்போதைக்கு வெறுமையா உட்டாலும் லாக் கெட்டுப் போகாது. ஆர்டிடிஎஸ்சி (எக்ஸ்86ல நேரம் எண்ற இன்ஸ்ட்ரக்ஷன்) இருந்தா க்ளாக் கெட்டைமுக்கு மாத்திருங்க.

லிங்க் பண்றப்ப அட்டாமிக் எக்ஸ்சேஞ்ச் 1 மாதிரி பேரு கெடைக்கலைன்னா, பழைய ஜிசிசி ஒரு பைட்டு அட்டாமிக்க (நடுவுல வேற த்ரெட் குறுக்க வராத மாத்தம்) லைப்ரரிக்குத் தள்ளி உடுதுன்னு அர்த்தம், கடசியில மைனஸ் எல் அட்டாமிக் சேத்துங்க.

இத்தன பண்ணி சுத்தமா கம்பைல் ஆச்சு, டெஸ்ட்டு மட்டும் முடியவே இல்ல, ஃபேன் கத்துது. பாத்தா கெட்சார் குடுக்கறத கேர் (char) வேரியபிள்ல வாங்கிட்டு ஈஓஎஃப்போட (ஃபைல் முடிஞ்சுதுன்னு சொல்ற மைனஸ் ஒண்ணு) ஒப்பிட்டிருக்காங்க. எக்ஸ்86ல கேர் சைன்டு (மைனஸும் புடிக்கும்), ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸ்ல அன்சைன்டு (மைனஸ் புடிக்காது), மைனஸ் ஒண்ணு 255 ஆயிருது, லூப்பு எங்க நிக்கறது? சைன்டு கேர் ஃப்ளாக் போட்டு மூடி மறைக்காதீங்க, வேரியபிள இன்ட் ஆக்குங்க, அந்த ஒத்த வரிய தனி பேட்ச்சா அனுப்புங்க, ஏன்னா ஆர்ம் லினக்ஸ்லயும் இதே லூப்பு சுத்திட்டுத்தான் இருந்திருக்கும்.