நாய் சுகர் ஃப்ரீ மிட்டாயைத் தின்றுவிட்டதா? முதலில் லேபிளைப் பாருங்கள்

சுகர் ஃப்ரீ என்று எழுதியதெல்லாம் நாய்க்கு விஷமில்லை. ஸ்டீவியா, சுக்ரலோஸ், அஸ்பார்டேம், எரித்ரிட்டால் போன்ற இனிப்பூட்டிகளைக் கொஞ்சம் தின்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். உயிருக்கே உலை வைப்பது சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி. சூயிங்கம், புதினா மிட்டாய், பற்பசை, மவுத்வாஷ், மென்று தின்னும் வைட்டமின் மாத்திரை, சில சிரப்புகள், புரோட்டீன் பார், சில பீனட் பட்டர்கள் ஆகியவற்றில் இது இருக்கலாம். நாய்க்கு மாத்திரை கொடுக்கப் பீனட் பட்டரில் பொதிபவர்கள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டே பொதியுங்கள்.

லேபிளில் ‘சைலிட்டால்’ என்றே இருக்க வேண்டும் என்பதில்லை. ‘பிர்ச் சுகர்’ என்றும், உணவுச் சேர்க்கைப் பொருளுக்கான வெறும் எண்ணாக ஐஎன்எஸ் 967 அல்லது இ 967 என்றும் அச்சிட்டிருப்பார்கள். எண்ணைக் கவனமாகப் படியுங்கள்: 965 மால்டிட்டால், 968 எரித்ரிட்டால், இரண்டும் வேறு.

மனிதருக்குச் சைலிட்டாலால் இன்சுலின் அவ்வளவாக ஏறாது. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தச் சர்க்கரை சடசடவென இறங்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இது நடக்கலாம். கிலோவுக்கு 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும் ஆபத்து. ஒரு சூயிங்கத்தில் ஏறக்குறைய 0.2 முதல் 1 கிராம் வரை இருக்கக்கூடும். 3 கிலோ பொமரேனியனுக்கு 0.3 கிராமே எல்லை. ஒற்றைத் துண்டே போதும். 30 கிலோ லாப்ரடாருக்கு எல்லை 3 கிராம், ஆனால் அது ஒரு துண்டோடு நிறுத்துகிற சாதியில்லை.

தின்றது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். உறையை எடுத்துக்கொண்டு, எத்தனை துண்டு குறைகிறது, எத்தனை மணிக்குத் தின்றது, நாயின் எடை என்ன என்பதோடு கால்நடை மருத்துவரை அழையுங்கள். வாந்தி, சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு என அறிகுறிகள் அரை மணியிலேயே தொடங்கலாம். சூயிங்கமாக இருந்தால் 12 மணி நேரம்கூடத் தாமதமாகும்.

தள்ளாடத் தொடங்கிவிட்டால் ஈறில் தேனோ சர்க்கரைப் பாகோ தடவிக்கொண்டே கிளம்புங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்கவைக்க உப்புத் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே வலிப்பைக் கொண்டுவரும். விஷத்தை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூளும் உதவாது, சைலிட்டால் அதில் சரியாக ஒட்டாது.

இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றி, ஓரிரு மணிக்கு ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்ப்பதுதான் சிகிச்சை. மறுநாள் வாலாட்டிக்கொண்டு ஓடினாலும், அதிக அளவு தின்றிருந்தால் மூன்று நாள் வரை கல்லீரல், ரத்தம் உறைதல் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். கல்லீரல் பாதிப்பு சர்க்கரை இறங்காமலேயே வருவதுண்டு.