கோர்னர்கிராட் மலை ரயில்: டிக்கெட்டுக்கு முன் கேமரா

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலிருந்து கோர்னர்கிராட் உச்சிக்குப் போகும் பல்சக்கர ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் வாங்காதீர்கள். அன்று காலை உச்சியின் நேரலைக் கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டு, புகழ்பெற்ற மேட்டர்ஹார்ன் சிகரம் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

செர்மாட் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோர்னர்கிராட் 3,089 மீட்டர். இடையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயர வித்தியாசம் இருப்பதால், ஊரில் நின்று வானத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கீழே மூடுபனி அப்பியிருக்கும்போதே மேலே பளிச்சென்று வெயில் அடிக்கலாம், தலைகீழாகவும் நடக்கலாம். பயணம் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் என்பதால், கேமராவில் கண்ட காட்சி நீங்கள் போய்ச் சேரும்வரை நீடிக்க நல்ல வாய்ப்புண்டு. கோடையில் பிற்பகலில் மேகம் திரளும் என்பதால் காலை ரயிலே மேல். ஏறும்போது வலப்பக்க இருக்கை. மேட்டர்ஹார்ன் அந்தப் பக்கம்தான். சுற்றுலாப் பயணிகளுக்கான பயணச் சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் கட்டணம் பாதிதான், அதைக் காட்ட மறக்காதீர்கள்.

செர்மாட்டில் ஒரே ஒரு நாள்தான், மாற்று நாளே இல்லை என்பவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. குழுவாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்வதே நல்லது. சுவிட்சர்லாந்தின் இன்னொரு மலை ரயிலான யுங்ஃபிராயோக் ரயிலுக்கும் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். கோடைக் கூட்டத்தில் அங்கே கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கடினம்.