வளராமல் நிற்கும் கொச்சிக்காய்க் கன்றை என்ன செய்வது

வித்திலை இரண்டும் விரிந்து, அதற்கு மேல் ஒரு சோடி இலையும் வந்து, அதோடு கன்று அப்படியே நின்றுவிட்டதா? முதலில் பசளைப் பையைத் தூர வையுங்கள். நின்றுபோன கன்றுக்கு யூரியா போடுவதுதான் நம் வளவுகளில் கன்றுகள் சாக முக்கிய காரணம் என்பது என் எண்ணம்.

கொச்சிக்காய், அதாவது மிளகாய், இயல்பிலேயே மெதுவான பயிர். முளைக்கவே ஒரு கிழமையில் இருந்து இரண்டு கிழமை எடுக்கும், அதன் பிறகும் கொஞ்ச நாள் மேலே ஒன்றும் தெரியாமல் கீழே வேர் ஓடும். அதனால் ஒரே நாளில் போட்ட மற்றக் கன்றுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவை நாலு, ஆறு இலை விட்டிருக்க இது மட்டும் குந்திக்கொண்டு இருந்தால்தான் பிரச்சினை.

சரி, இப்போது வேரைப் பார்க்க வேண்டும். யோகட் கப்பில் வைத்திருந்தால் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுக் கப்பைக் கவிழ்த்து, மண் உடையாமல் வெளியே எடுங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் கன்று பிழைக்கும். பழுப்பாகி, வழுவழுப்பாக, நாற்றம் அடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. வேரிலேயே சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்து, அவை தேய்த்தாலும் போகாவிட்டால் வேர்முடிச்சுப் புழு. மணல் நிலத்தில் இது அதிகம், அந்தக் கன்றையும் மண்ணையும் சேர்த்தே அகற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் பிழை தண்ணீரில்தான். மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கிவிடும், அதைப் பார்த்துப் பழகிய கை, வயல் மண் நிரப்பிய கப்புக்கும் காலையும் மாலையும் ஊற்றிக்கொண்டே இருக்கும், வேர் மூச்சு முட்டிப் போகும். கப்பைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம், இலேசானதும் ஊற்றுங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது உப்பு. வாவிக்கு அருகில் உள்ள கிணறுகளில் கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் உவர்ப்பாகிவிடும். கொச்சிக்காய்க்கு உப்பு ஆகாது, மண்ணில் எவ்வளவு உப்பு என்று காட்டும் அளவான மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். இலை நுனி கருகி, மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ நிறைய ஊற்றி, அடியால் வழிந்தோட விடுங்கள். தும்புத்தூளிலும் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று முறை கழுவிப் பிழியாமல் அதைக் கலவையில் சேர்க்கக் கூடாது.

வேர் கெட்டிருந்தால் அழுகிய பகுதியைக் கிள்ளிவிட்டு, மணல், நன்கு உக்கிய கூட்டெரு, கழுவிய தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து புதிதாக நடுங்கள். உக்காத மரத்தூளும் பச்சை மாட்டெருவும் வேண்டவே வேண்டாம். நட்டபின் சில நாட்கள் கிடுகு நிழலில் வைத்து, காலை வெயில் மட்டும் படவிட்டு, பிறகு மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். புது இலை வந்து அது வெளிறித் தெரிந்தால் மட்டும் 10 லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி யூரியா கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது கொஞ்சமாக ஊற்றலாம்.

இலை சுருண்டு நின்றால் காரணம் வேறு. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரம், வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு கிழமையில் புதுத் துளிர் வராவிட்டால், அல்லது குருத்தே கருகியிருந்தால், பிடுங்கிவிட்டு வேறு விதை போடுங்கள். சந்தேகம் இருந்தால் கன்றைக் கப்போடு கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், 1920 என்ற விவசாய ஆலோசனை இலக்கத்துக்கும் எடுக்கலாம். மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்துக்கு என்றால் மட்டும் தாமதிக்க வேண்டாம், கார்த்திகை மழை இறங்குவதற்குள் கன்று நிலத்தில் வேர் பிடித்திருக்க வேண்டும்.